குகைக்குள் இன்னும் ரெண்டு பேர்



ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. போனில் பேசுகிற எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறீர்கள். "அமெரிக்காவுல என்னல்லாம் பாத்தீங்க டீச்சர்?" நயாகரா பார்க்கவில்லை. சுதந்திர தேவி சிலையும் பார்க்கவில்லை. ஐந்து மாதமும் மினியாபொலிஸ் பக்கத்தில் மகள் வீட்டிலேயே இருந்தேன். போன நேரம் குளிர்காலம். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்றால் என்ன என்று நம்ம திருநெல்வேலி வெயிலில் இருந்துகொண்டு விளக்க முடியாது.

நான் பார்த்தது ஒரு பகடை. இருபது முகம் உள்ள பகடை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். என் வகுப்பில் 45 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே, இன்னொரு பத்து நிமிடம் உட்காருங்கள். கடைசியில் உங்களில் ஒருவனுக்கு ஒரு சேதி இருக்கிறது.

போய் இறங்கிய இரண்டாவது வாரமே மகள் என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தாள். பேரனுக்கு 14 வயது. கணக்கில் மார்க் குறைந்து சி வாங்கியிருந்தான். சனிக்கிழமை சாயந்திரம் ஆனால் நாலு பிள்ளைகள் வந்துவிடும். எல்லாருமாக வீட்டுக்கு அடியில் உள்ள அறைக்குப் போய் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் ஒரே கூச்சல். "ஏதோ டிராகன், பேய், பிசாசுன்னு விளையாடுதானுங்கம்மா. நீ டீச்சர், நீ சொன்னா கேப்பான். இதை நிப்பாட்டி விடு" என்றாள்.

34 வருஷம் பார்த்த வேலைதானே. புடவையைச் சரிசெய்துகொண்டு, ஸ்வெட்டர் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

கீழே டிவி ஓடவில்லை. கம்ப்யூட்டரும் இல்லை. ஒரு மேஜையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். ஆளுக்கு ஒரு தாள், பென்சில், ரப்பர். நடுவில் கட்டம் போட்ட தாளில் கையால் வரைந்த ஒரு வரைபடம். ஒரு பெண்பிள்ளை மட்டும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஏதோ சொல்ல, மற்ற நாலும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்பதாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள் அப்படிக் கேட்பதை நான் என் வகுப்பில் பார்த்ததில்லை. பொய் சொல்வானேன்.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் கதை சொல்லி. அவரை டஞ்சன் மாஸ்டர் என்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம்: வீரன், திருடன், மந்திரவாதி, வைத்தியம் தெரிந்த பூசாரி, இப்படி. கதை சொல்லி ஒரு நிலைமையைச் சொல்லி, "நீ என்ன செய்வாய்?" என்று கேட்பார். நீங்கள் சொல்வது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. ஒரே கதை மாதக்கணக்கில் போகும். ஆறுமுகமங்கலம் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து விக்கிரமாதித்தன் கதை சொல்வாரே, அதே மாதிரி. ஆனால் இங்கே நடுவில் புகுந்து "நான் அந்தக் கதவைத் திறக்க மாட்டேன்" என்று நீங்கள் சொல்லலாம். கதை அந்தப் பக்கமே திரும்பிவிடும்.

பேரன் சொன்னான், இது அவர்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்காம். 1970களின் தொடக்கத்தில் இதே மினியாபொலிஸ், செயின்ட் பால் வட்டாரத்தில் டேவ் ஆர்னசன் என்ற வரலாற்று மாணவர் நண்பர்களோடு போர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார். பொம்மைப் படைகளை மேஜையில் நிறுத்தி நடத்துகிற விளையாட்டு. அந்தக் கூட்டத்தில், படையை நடத்துவதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரே ஒரு மனிதனாக ஆடிப் பார்த்தார்கள். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் கேரி கைகாக்ஸ் என்று ஒருவர். இன்சூரன்ஸ் வேலை பார்த்தவர், வீட்டிலேயே செருப்புத் தைத்தும் பிழைத்தவர். இருவருமாகச் சேர்ந்து 1974-இல் விளையாட்டை வெளியிட்டார்கள். முதலில் அச்சடித்தது 1000 பிரதி. பெட்டியில் போட்டு அடுக்கியதெல்லாம் வீட்டில் வைத்துத்தான். 50 வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் பிள்ளைகள் விளையாடுகின்றன.

நான் திட்ட வாயெடுப்பதற்குள் அந்தப் பெண்பிள்ளை எழுந்து நாற்காலி போட்டாள். அன்றைக்கு அவர்கள் விளையாடவில்லை. பழைய கதை முடிந்து புதுக் கதை தொடங்கும் நாள். ஆளுக்கு ஒரு பாத்திரம், ஒரு பூதம், ஒரு இடம் யோசித்துக்கொண்டு வர வேண்டுமாம். சரி, என்னதான் சொல்கிறார்கள் என்று உட்கார்ந்தேன்.

கதை சொல்லிப் பெண்பிள்ளை சோமாலிக் குடும்பம். அந்த ஊரில் சோமாலியர்கள் நிறைய. அவள் கொண்டுவந்தது தெக்டேர், நீளக் காது உள்ள ராட்சசி. எவ்வளவு தூரத்தில் நடந்தாலும் காலடிச் சத்தம் கேட்டுவிடும், பிடித்தால் தின்றுவிடும். அவளுடைய பாட்டி சொன்ன கதையாம். ஹ்மாங் இனத்துப் பையன் ஒருவன், மனிதனாக வேஷம் போட்டு வீட்டுக்குள் வரும் புலிக் கதையைச் சொன்னான். இன்னொரு பையனின் கொள்ளுத்தாத்தா நார்வேக்காரர். அவன் கொண்டுவந்தது ட்ரோல், வெயில் பட்டால் கல்லாகிவிடும் பூதம். ஆக, எல்லாப் பிள்ளைகளும் பாட்டி தாத்தா வீட்டுப் பேயைத்தான் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தன.

நான் கவனித்தது ஒன்று. யார் என்ன சொன்னாலும், "நல்லா இருக்கு", "நல்லா இல்லை" என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்கள். "அதுக்கு என்ன வேணும்?" "அது எதுக்குப் பயப்படும்?" "அது இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?" மூன்று கேள்வி கேட்டதும் சாதாரணப் பூதம் உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு பையன், இருட்டுக்குப் பயப்படுகிற திருடனாக ஆடுவேன் என்றான். என் வகுப்பாக இருந்தால் அதற்கு ஒரு சிரிப்பு எழுந்திருக்கும். இங்கே ஒருத்தி, "அப்ப அவன் எப்படித் திருட வந்தான்?" என்றாள். அவன் கொஞ்சம் யோசித்து, "பகல்லதான் திருடுவான். அதான் அடிக்கடி மாட்டிக்கிறான்" என்றான். சிரித்தார்கள், ஆனால் அவனைப் பார்த்து இல்லை, அவனோடு சேர்ந்து.

பிறகு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "ஆச்சி, உங்க ஊர்ல என்ன மான்ஸ்டர் இருக்கு?" என்றான் பேரன்.

அவர்களுடைய பூதப் புத்தகத்தில் ராட்சசன் ஏற்கெனவே இருக்கிறான். புலித்தலை, உள்ளங்கை பின்பக்கமாகத் திரும்பியிருக்கும். 1977-இல் வந்த முதல் புத்தகத்தின் படத்தில் உடுப்பும் மாட்டிக்கொண்டு புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருக்கிறான். நம்ம ராவணன் வீட்டு ஆட்களுக்கு வந்த கோலத்தைப் பாருங்கள். இந்தியாவில் யாரும் கண்டதில்லை, அந்தக் காலத்து அமெரிக்கப் பேய்த் தொடர் ஒன்றைப் பார்த்துப் பிடித்த உருவமாம் அது. கோபம் வரவில்லை. ஏனென்றால் அதே புத்தகத்தில் இரும்பைத் தொட்டால் துருவாக்கித் தின்னும் பூதமும், ஆந்தைத் தலைக் கரடியும் பிறந்த கதையைச் சொன்னார்கள். ஹாங்காங்கில் செய்த மலிவுப் பிளாஸ்டிக் பொம்மைகளைக் கடையில் வாங்கிவந்து மேஜையில் வைத்து, "இது என்னவாக இருக்கும்?" என்று யோசித்தே கைகாக்ஸ் அவற்றை உண்டாக்கினாராம். கிடைத்ததை வைத்துச் செய்திருக்கிறார். தேங்காய்க் குரும்பையில் தேர் செய்தவர்கள் நாம், நமக்குப் புரியாதா?

பேரன், போன தடவை ஊருக்கு வந்தபோது பார்த்த சுடலைமாடனைப் பற்றிக் கேட்டான். "அது நம்ம சாமில. சாமிக்கு உயிர்ப் புள்ளி போட்டு அடிச்சு விளையாடக் கூடாது" என்றேன். இதை இவர்கள் முன்னால் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று ஒரு தயக்கம் இருந்தது. அந்தச் சோமாலிப் பெண்பிள்ளை உடனே தலையாட்டினாள். "எங்க வீட்லயும் அப்படிச் சில விஷயம் இருக்கு. அதை நான் இங்க கொண்டுவர மாட்டேன்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. 14 வயதில் எனக்கு இவ்வளவு பக்குவம் இல்லை.

அதனால் நான் கொள்ளிவாய்ப் பிசாசைக் கொடுத்தேன். ராத்திரியில் குளத்தங்கரையில், சதுப்பில், வாயில் கொள்ளியை வைத்துக்கொண்டு அலையும், பின்னால் போனவன் சேற்றில் மாட்டுவான் என்று எங்கப்பா சொன்னதைச் சொன்னேன். அழுகிய தழையிலிருந்து வரும் வாயு எரிவதால் வந்த நம்பிக்கை என்று சயின்ஸ் டீச்சர் விளக்குவதையும் சேர்த்துச் சொன்னேன். அவர்களிடமும் இது மாதிரி ஒன்று உண்டாம், வில்-ஓ-விஸ்ப் என்று பெயர். பிறகு அந்தக் கேள்வி வந்தது. "அதுக்கு என்ன வேணும்?"

72 வயது வரைக்கும் அந்தப் பிசாசுக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்ததில்லை. பயப்படத்தான் சொல்லித் தந்தார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னேன்: "வழி தெரியாம நிக்கவனுக்கு வழி காட்டணும்னு அதுக்கு ஆசை. ஆனா அதுக்கும் வழி தெரியாது."

அந்தப் பெண்பிள்ளை பேனாவை எடுத்து வேகமாக எழுதினாள். புதுக் கதையில் முதல் பூதம் என்னுடையதாகிவிட்டது. திட்டப் போனவள், தாளும் பென்சிலும் வாங்கிக்கொண்டு ஆறாவது ஆளாக உட்கார்ந்துவிட்டேன்.

என் பாத்திரம் கிழவி. மருத்துவச்சி. பெயர் வடிவாச்சி. என் அம்மையைப் பெற்றவள் பெயர். பலம், லாவகம், உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். நான்கு சாதாரணப் பகடையை உருட்டி, சிறிய எண்ணைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றைக் கூட்டுவது ஒரு முறை. மூன்று பகடை மட்டும் உருட்டினால் சராசரி 10.5 வரும். நான்கு உருட்டி ஒன்றைத் தள்ளினால் ஏறத்தாழ 12.24. ராத்திரி தூங்காமல் தாளில் போட்டுப் பார்த்தேன். வடிவாச்சிக்கு விவேகம் 16, பலம் 8. நியாயம்தான்.

பகடைகளையும் சொல்ல வேண்டும். நாலு முகம், ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது. ஒழுங்குத் திண்மங்கள் ஐந்தே ஐந்துதான் உண்டு என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? அந்த ஐந்தும் ஒரு சுருக்குப்பைக்குள் இருந்தன. பத்து முகம் உள்ளது மட்டும் அந்தக் கணக்கில் சேராது. இத்தனை வருஷம் படமாகப் போட்டதைக் கையில் உருட்டியபோது, நம்ம வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டைதான் ஞாபகம் வந்தது. தாயம் விழ எட்டுக்கு ஒரு வாய்ப்புதான். அது விழாமல் காய் இறங்காது. ஆச்சிமார்கள் அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை மத்தியானத்தைக் கழித்தார்கள்!

மூன்றாவது சனிக்கிழமை. என் கொள்ளிவாய்ப் பிசாசின் வெளிச்சத்தை நம்பிப் போய், சதுப்பை ஒட்டிய குகைக்குள் நுழைந்தோம். மேலிருந்து பாறை சரிந்தது. நாங்கள் மூன்று பேர் வெளியே. பேரனின் திருடனும், சத்தியம் தவறாத வீராங்கனையாக ஆடிய பெண்பிள்ளையும் உள்ளே. பேரனுக்கு உயிர்ப் புள்ளி பூஜ்யம்.

பூஜ்யம் வந்ததும் செத்துவிடுவதில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்து அல்லது அதற்கு மேல் வெற்றி, ஒன்பதும் அதற்குக் கீழும் தோல்வி. மூன்று வெற்றி வந்தால் நிலைப்பான். மூன்று தோல்வி வந்தால் போய்விட்டான். அதற்குள் யாராவது வைத்தியம் செய்தால் பிழைக்கலாம். என்னிடம் இருந்த வைத்தியத்துக்கு நான் அவனைத் தொட வேண்டும். நடுவில் பாறை. அவனுக்கு ஒரு வெற்றி, இரண்டு தோல்வி.

மணி ஒன்பதரை. வெளியே கார் ஹாரன். கதை சொல்லி நோட்டை மூடினாள். "அடுத்த சனிக்கிழமை." பிள்ளைகள் ஐயோ என்று கத்திக்கொண்டே கோட்டு மாட்டிக்கொண்டு போய்விட்டன. பேரன் படியேறும்போது திரும்பி, "ஆச்சி, நாங்க ரெண்டு பேரும் இன்னும் குகைக்குள்ளதான் இருக்கோம். மறந்துராதீங்க" என்றான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வார்த்தையை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

1989. ஒன்பதாம் வகுப்பு. நான் காரணிப்படுத்துதல் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் நாலு பேர் குனிந்து கிடந்தார்கள். போய்ப் பார்த்தால் வரலாற்றுப் புத்தகம் திறந்திருந்தது. புக் கிரிக்கெட் என்றுதான் நினைத்தேன். கோடு போடாத ஒரு நோட்டும் இருந்தது. பிடுங்கிப் பிரித்தேன். அது கிரிக்கெட் இல்லை.

முதல் பக்கத்தில் மலை, ஆறு, குகை எல்லாம் போட்ட வரைபடம். பாபநாசம் மலை மாதிரி இருந்தது. அடுத்து ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர், பலம், வேகம், புத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அடுத்து பூதங்கள், படத்தோடு. கடைசியில் சட்டங்கள். புத்தகத்தைப் பிரித்து இடப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்க்க வேண்டும். சுழி வந்தால் அடி. மூன்று சுழி வந்தால் செத்தான். அதற்குள் கூட இருப்பவன் போய்த் தொட்டால் பிழைத்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பூதங்களின் பெயரை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொன்றாக வாசித்தேன். வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் சிரித்தன. நான் சிரிக்க வைத்தேன். பிறகு நோட்டை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

அவன் அழவில்லை. கையை நீட்டச் சொல்லி அடிப்பேன் என்று நினைத்தானோ என்னவோ, கையை நீட்டியபடியே நின்றான். அடிக்கவில்லை. அப்போது சொன்னான்: "டீச்சர், அதுல ரெண்டு பேரு இன்னும் குகைக்குள்ள இருக்காங்க."

வகுப்பு மறுபடியும் சிரித்தது. இடைவேளையில் ஆசிரியர் அறையில் நானே இதைச் சொல்லிச் சிரித்தேன். பல வருஷம் இது எனக்கு ஒரு வேடிக்கைக் கதை. அடுத்த வருஷம் அவன் அப்பாவுக்கு மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். புத்தகத்தில் இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை எண். கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என ஐந்தே வகை. சுழி வர ஐந்தில் ஒரு வாய்ப்பு. தொடர்ந்து மூன்று முறை வர 125-இல் ஒன்று. ஒரு சுழியில் ஆளைக் கொன்றால் விளையாட்டு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆபத்தும் இருக்க வேண்டும், கூட்டாளிக்கு ஓடிவர நேரமும் இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறான். எங்கோ அமெரிக்காவில் பெரியவர்கள் பல வருஷம் திருத்தித் திருத்திச் செய்த சட்டத்துக்குப் பக்கத்தில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தானாகவே வந்து நின்றிருக்கிறான். பகடை வாங்கக் காசில்லாமல் வரலாற்றுப் புத்தகத்தைப் பகடையாக்கியிருக்கிறான். நிகழ்தகவு நடத்த அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அதை நான் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் மகளிடம் சொன்னேன். "சனிக்கிழமையை விட்டுரு. ஞாயித்துக்கிழமை கணக்கை நான் பாத்துக்கிடுதேன்." அவள் காபி ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நான் எட்டாவது படிக்கையில என் முத்து காமிக்ஸ் கட்டை எல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டியேம்மா. எனக்கு மட்டும் ஏம்மா விடல?" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. 30 வருஷத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கேட்ட கேள்வி. பரீட்சை, மார்க், வேலை, ஒற்றைச் சம்பளம் என்று எத்தனையோ காரணம் வாயில் வந்தது. எதையும் சொல்லவில்லை. "தப்புதான்ளா" என்றேன். அவள் காபியை நீட்டினாள். இதையும் இங்கே எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெற்றோர் பயப்படுவதில் தப்பில்லை. அந்த நாட்டிலேயே 1980களில், இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுத்துவிடும் என்று ஒரு பெரிய பீதி கிளம்பி அடங்கியிருக்கிறது. எதற்குப் பயப்படுகிறோம் என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பயப்படலாம். அதைத்தான் நான் செய்யாமல் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பேரனும் பகடையை வைத்தே கணக்குப் போட்டோம். இருபது முகப் பகடையில் 11-க்கு மேல் வேண்டுமென்றால், 11-ஐயும் சேர்த்து, பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது 75 சதவீதம். ஏன் 100 ஆகவில்லை என்று கேட்டேன். அரை மணி நேரம் மல்லுக்கட்டி, "ரெண்டுமே தோக்குறதுக்கு நாலுல ஒண்ணு இருக்கே ஆச்சி" என்று அவனே கண்டுபிடித்தான். மாயம் ஒன்றும் நடக்கவில்லை. வசந்தத்தில் பி வந்தது, அவ்வளவுதான். இயற்கணிதம் என்றால் இன்னும் முகத்தைச் சுளிக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பேரன் முதலில் உருட்டினான். 12. இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. இனி ஒரே உருட்டுதான். என் முறை வந்தது. "ஆச்சி, என்ன செய்வீங்க?" பலம் 8 உள்ள கிழவி பாறையை எங்கே தள்ள? யோசித்தேன். கொள்ளிவாய்ப் பிசாசு எங்கே என்று கேட்டேன். சேற்றோரத்தில் நிற்கிறது என்றாள். வடிவாச்சி அதனிடம் போய், "ஏ மக்கா, எனக்கும் வழி தெரியல. வா, சேந்து தேடுவோம்" என்று சொல்வதாகச் சொன்னேன்.

மேஜை அமைதியாகிவிட்டது. கதை சொல்லி தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, "அதை யாரும் இதுவரைக்கும் கூப்பிட்டதே இல்லை. ரெண்டு பகடை உருட்டுங்க, பெரியதை வெச்சுக்கலாம்" என்றாள். 15 வேண்டும். ஒன்றில் 4. இன்னொன்றில் 17.

வெளிச்சம் முன்னால் போக, பக்கவாட்டில் ஒரு இடுக்கு. வடிவாச்சி தவழ்ந்து போய்ப் பேரனைத் தொட்டாள். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மகள் படியிறங்கி ஓடிவந்தாள். என்ன ஏது என்று கேட்டுவிட்டு மேலே போகவில்லை. படியிலேயே உட்கார்ந்து முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி அந்தச் சேதி.

1989-இல் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனே, உன் பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை உன்னை வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்தது போதும். உனக்கு இப்போது 50 வயது இருக்கும். இதை நீ படிக்கிறாயா, யாராவது படித்துச் சொல்வார்களா, தெரியாது. நான் செய்தது தப்பு. நோட்டைக் கிழித்தது ஒரு தப்பு. அதற்கு முன்னால் வாசித்துக் காட்டியது அதைவிடப் பெரிய தப்பு. எந்தச் சாக்கும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்கிறேன். நீ மன்னிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அந்த ரெண்டு பேர் யார் யார், குகைக்குள் எப்படி மாட்டினார்கள் என்று நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். விருப்பம் இருந்தால் சொல். புறப்படும்போது பேரன் அந்த இருபது முகப் பகடையை என் பையில் போட்டுவிட்டான். உனக்குப் பகடை பிடிக்கவில்லை என்றால் வரலாற்றுப் புத்தகம் கொண்டுவா. இடப்பக்கத்து எண், கடைசி இலக்கம். சட்டம் எனக்கு மறக்கவில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். சின்ன வயதில் உங்களைப் பயமுறுத்திய பேய் ஒன்றைக் கீழே எழுதுங்கள். அதற்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி யோசித்துச் சேர்த்து எழுதுங்கள். மார்க் போட மாட்டேன். எல்லாவற்றையும் பேரனுக்கு அனுப்பப் போகிறேன். மினியாபொலிஸில் அடுத்த கதைக்குப் பூதம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்